பாமினியை உபுண்டுவில் ஏற்றிய பாடு

யாழ்ப்பாணத்தில் அந்தியேட்டிக் கல்வெட்டு (இறந்தவர் நினைவாக அச்சிடும் சிறு நூல்) அடிக்கப் போனால் பழைய பதிகங்கள் இன்னும் பாமினி எழுத்துருவில்தான் கைக்கு வரும். பெரியம்மாவின் கல்வெட்டு வேலை என்னிடம் வந்தது, வீட்டில் இருந்ததோ உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்ட மடிக்கணினி. கோப்பைத் திறந்தால் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். பாமினி, தமிழ் எழுத்துகளுக்குத் தனிக் குறியெண் தரும் யூனிகோட் முறையில் அமைந்தது இல்லை, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் எழுத்துரு, அதனால் அது இல்லாமல் ஒரு சொல்லும் வாசிக்க முடியாது.

மச்சான் எழுத்துருக்களோடு அவற்றை நிறுவும் ஒரு ஸ்கிரிப்டும் (கட்டளைகள் எழுதிய கோப்பு) அனுப்பி, எஸ்எச் (sh) போட்டு ஓட்டச் சொன்னார். அதில் இருந்த இரட்டைச் சதுர அடைப்பு ([[) தெரியாது என்று நின்றது. உபுண்டுவில் 2006இல் வந்த 6.10 பதிப்பிலிருந்து எஸ்எச் என்றால் டேஷ் (dash) என்ற ஷெல், அதாவது கட்டளைகளை வாசித்து இயக்கும் நிரல், இந்த ஸ்கிரிப்டோ பாஷ் (bash) என்ற வேறொரு ஷெல்லுக்கு எழுதியது. சரி என்று பாஷில் ஓட்டினேன், பிழை எதுவும் இல்லை, ஆவணம் எழுதும் லிப்ரே ஒபிஸில் பாமினியும் இல்லை.

இந்த இடத்தில் லிப்ரே ஒபிஸை மூடி மூடித் திறப்பது வீண் வேலை. நிரல்களுக்கு எழுத்துருவைத் தேடிக் கொடுப்பது ஃபொன்ட்கொன்ஃபிக் (fontconfig), அதையே கேட்க வேண்டும். அதன் எஃப்சி-மேட்ச் (fc-match) கட்டளையை நம்பாதீர்கள், அது இல்லை என்று சொல்லவே சொல்லாது, கிடைத்த வேறொன்றை நீட்டும், எனக்கு டெஜாவு சான்ஸ் எழுத்துருவை நீட்டியது. இருக்கும் எழுத்துருக்களைப் பட்டியலிடும் எஃப்சி-லிஸ்டில் (fc-list) பெயரால் தேடுங்கள். தமிழ் மொழி என்று வடிகட்டினால் பாமினி இருந்தாலும் வராது, யூனிகோட் தமிழ் எழுத்து அதில் இல்லாததால் ஃபொன்ட்கொன்ஃபிக் அதைத் தமிழ் என்று கணக்கெடுப்பதில்லை.

பெயரால் தேடியும் இல்லை. பிறகு ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தால், எழுத்துருக்கள் போய்ச் சேர வேண்டிய பாதை முழுவதும் இரட்டை மேற்கோளுக்குள், முன்னால் உள்ள ~ குறி உட்பட. மேற்கோளுக்குள் ஷெல் அதைப் பயனரின் ஹோம் கோப்புறையாக விரிக்காது, ஆகவே நின்ற இடத்திலேயே ~ என்ற பெயரில் ஒரு கோப்புறை முளைத்து எழுத்துருக்கள் எல்லாம் அதற்குள் கிடந்தன. இதை அழிக்கும்போதுதான் கவனம், மேற்கோள் இல்லாமல் அழிக்கும் கட்டளையை ஆர்எம் -ஆர் ~ (rm -r ~) என்று அடித்தால் போவது உங்கள் ஹோம் முழுவதும். முன்னால் ./ (நிற்கும் இடம் என்று பொருள்) சேர்த்து அழித்தேன். எழுத்துருக் கோப்புகளின் பெயர்களில் இடைவெளி இருந்ததால் மேற்கோளை எடுக்கவும் முடியாது, ~ இருந்த இடத்தில் டொலர் குறியோடு ஹோம் மாறியைப் ($HOME) போட்டேன், அது இரட்டை மேற்கோளுக்குள்ளும் விரியும்.

அப்புறம் ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டி, எழுத்துருப் பட்டியலைப் புதுப்பிக்கும் எஃப்சி-கேஷ் -எஃப் (fc-cache -f) அடித்தேன், லிஸ்டில் பாமினி வந்தது. அச்சகத்துக்கு பிடிஎஃப் அனுப்பும் முன் பிடிஎஃப்ஃபொன்ட்ஸ் (pdffonts) கட்டளையால் எழுத்துரு உள்ளே பதிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன், இல்லாவிட்டால் அவர்களிடமும் அதே அரைப்புள்ளிதான்.