பானக்பர்ன் டயோரமா: இரண்டு ஓடைகளுக்கு நடுவே இடம் போதவில்லை

பானக்பர்ன் போர்க்களத்தைச் சின்னப் பொம்மைகளால் காட்டும் என் டயோரமாப் பலகையில் ஓடைகளையும் ஈட்டிக்காரர்களையும் செய்து முடித்துவிட்டேன். 1314 ஜூன் 23, 24 தேதிகளில் ஸ்காட்லாந்தின் ஸ்டிர்லிங் கோட்டைக்குத் தெற்கே நடந்த சண்டை இது. கோட்டை ஆங்கிலேயர் வசம் இருந்தது. ஜூன் 24க்குள் உதவிப்படை வராவிட்டால் ஒப்படைத்துவிடுகிறேன் என்று கோட்டைத் தளபதி பிலிப் மோப்ரே வாக்குக் கொடுத்திருந்தார். கோட்டையைக் காப்பாற்றத்தான் இங்கிலாந்து அரசர் இரண்டாம் எட்வர்ட் பெரும்படையோடு வடக்கே வந்தார். ஸ்காட்லாந்து அரசர் ராபர்ட் புரூஸின் படையைப்போல அது இரண்டு மடங்காவது இருக்கும் என்பது பலருடைய கணிப்பு.

தெர்மாகோலை அடுக்கி ஒட்டி, சூடான கம்பியால் ஓடைத் தடங்களை அறுத்தேன். மேலே மரத்தூளும் ஃபெவிகாலும் கலந்து பூசினேன். மேற்கே நியூ பார்க் காட்டு மேடு, கிழக்கே ஈரமான தாழ்நிலம். பெல்ஸ்ட்ரீம் என்ற சிற்றோடை வந்து பானக் ஓடையில் கலக்கிறது. முக்கியச் சண்டை எந்த இடத்தில் நடந்தது என்று இன்னும் வாதம் நடக்கிறது. இந்த இரண்டு ஓடைகளுக்கும் இடைப்பட்ட நிலத்தைத்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

அதிக நேரம் பிடித்தது ஈட்டிகள்தான். 12 அடி ஈட்டி 1:72 அளவில் ஐந்து சென்டிமீட்டர், அதாவது பொம்மையின் உயரத்தைப்போல இரண்டு மடங்கு. தென்னை ஈர்க்கின் நுனிப்பக்கம் இதற்குக் கச்சிதம். பொம்மையின் கையில் இருக்கும் வாளை வெட்டிவிட்டு, சூடான குண்டூசியால் முஷ்டியில் துளை போட்டு, ஈர்க்கைச் செருகி, ஒரு துளி எம்-சீல் வைத்தால் அசையாது. பொம்மைகளை வட்டமாக நிறுத்தி, முன்வரிசையை மண்டியிட வைத்து, பின்வரிசை ஈட்டிகளைத் தோள்களுக்கு மேலாக நீட்டி ஒட்டிப் பாருங்கள். குதிரைப் பொம்மையை எந்தப் பக்கம் கொண்டுபோனாலும் அதன் மார்பில் நான்கைந்து முனைகள் குத்துகின்றன.

ஆனால் இந்த ஈட்டி வட்டம் மட்டும் வெற்றி தந்துவிடாது. 1298இல் ஃபால்கர்க் போரில் ஸ்காட்லாந்து படைத்தலைவர் வில்லியம் வாலஸும் இதே வட்டங்களைத்தான் நிறுத்தினார். அவை நின்ற இடத்திலேயே நின்றன. அப்போதைய இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்டின் வில்லாளிகள் தூரத்திலிருந்தே அம்பு விட்டுக் கலைத்துவிட்டார்கள். புரூஸ் தன் ஆட்களை ஈட்டியை நீட்டியபடி கூட்டமாக முன்னேறப் பழக்கியிருந்தார். அதனால் என் பலகையில் வட்டங்களுக்குப் பதிலாக மேட்டிலிருந்து இறங்கும் நீள வரிசைகள்.

முதல் நாள் ஆங்கிலேயருக்கு இரண்டு அடி. தனியே பாய்ந்து வந்த ஹென்றி டி போஹனை புரூஸே கோடரியால் வெட்டிச் சாய்த்தார். ஆங்கிலேயத் தளபதி கிளிஃபர்டின் குதிரைப்படையை, புரூஸின் தளபதி தாமஸ் ராண்டால்ஃபின் ஈட்டிக்காரர்கள் விரட்டினார்கள். அன்றிரவு எட்வர்டின் படை ஓடைகளுக்கு நடுவே தங்கியது. என்னைப் பொறுத்தவரை போர் தோற்றது அங்கேதான். ஆங்கிலேயர் மனம் தளர்ந்துவிட்டார்கள் என்ற செய்தியோடு, அவர்கள் படையில் இருந்த ஸ்காட்லாந்து வீரர் அலெக்சாண்டர் சீட்டன் இரவிலேயே புரூஸ் பக்கம் வந்து சேர்ந்தார். பின்வாங்கும் யோசனையில் இருந்த புரூஸ் விடிந்ததும் தாக்கினார்.

பொம்மைகளை அடுக்கும்போது இது கண்ணுக்கு முன்னால் நடக்கிறது. இரண்டு ஓடைகளுக்கும் இடையே குதிரைகளை வரிசையாக வைத்தால் முதல் வரிசையிலேயே அகலம் தீர்ந்துவிடுகிறது. மற்றவர்கள் எல்லாம் பின்னால். காலாட்களும் வில்லாளிகளும் அதற்கும் பின்னால். அங்கிருந்து அம்பு விட்டால் தங்கள் வீரர்களின் முதுகில்தான் பாயும். பாய்ந்து வந்து மோதக் குதிரைக்கு ஓட்டத் தூரம் வேண்டுமே, அதற்கும் இடமில்லை. முன்னால் சென்ற ஆங்கிலேயரான குளோஸ்டர் பிரபு ஈட்டிகளில் சிக்கி மாண்டார். பக்கவாட்டில் வெளிவந்த வில்லாளிகள் சிலரை, புரூஸ் பக்கத்து ராபர்ட் கீத்தின் சுமார் 500 இலகுக் குதிரைவீரர்கள் சிதறடித்தார்கள். ஃபால்கர்க்கில் வென்ற ஆயுதம் இங்கே பேசவே இல்லை. கனமான குதிரைகள் இல்லாத படை, அவை பயன்படாத நிலத்தில் எதிரியைப் பிடித்தது; புரூஸின் இந்தக் கணக்கை எத்தனை பாராட்டினாலும் தகும்.

எட்வர்ட் ஸ்டிர்லிங் கோட்டைக்கு ஓடினார். மோப்ரே உள்ளே சேர்க்கவில்லை, கோட்டைதான் கைமாறப்போகிறதே. டன்பார் போய்க் கப்பலேறித் தப்பினார். பானக் ஓடையைக் கடக்கும்போது நெரிசலில் மூழ்கியவர்கள் ஏராளம்.

அடுத்த வேலை அந்த ஓடைக்கரைதான். இப்போது சரிவு மென்மையாக இருக்கிறது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசி, குதிரை ஏற முடியாத அளவுக்குச் செங்குத்தாக்க வேண்டும். பிறகு கீத்தின் குதிரைகளுக்கு வண்ணம்.