தேசியம் என்ற கட்டம்

எட்டாம் வகுப்பு சமூக அறிவியலில் 'குடிமக்களும் குடியுரிமையும்' என்று ஒரு பாடம். புதுப் புத்தகம் வந்த 2019-இல் அதை முதன்முறையாக நடத்தினேன். சத்தியமங்கலம் வட்டத்தில் ஓர் அரசுப் பள்ளி. நாற்பது சொச்சம் பிள்ளைகளில் ஆறு பேர் பவானிசாகர் இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வந்தவர்கள். குடியுரிமை பெறும் வழிகள் ஐந்து: பிறப்பு, வம்சாவளி, பதிவு, இயல்புரிமை, பிரதேச இணைப்பு. கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால் மூன்றாவது பெஞ்சில் ஒரு கை.

"சார், பொறப்பாலன்னு மொதல்ல போட்டிருக்குதுங்களே. நான் சத்தி ஜிஎச்-லதானுங்க பொறந்தேன். அப்ப நான் இந்தியனுங்களா?"

"நாளைக்குச் சொல்றேன் சாமி, உட்காரு" என்றேன். வாத்தியார் 'நாளைக்கு' என்றால் என்ன அர்த்தம் என்று பிள்ளைகளுக்குத் தெரியும்.

அன்று ராத்திரி சட்டத்தைத் தேடிப் படித்தேன். இருபது வருஷம் குடிமையியல் நடத்திய ஆள் அதுவரை அந்தச் சட்டத்தைப் புரட்டியதே இல்லை. 1987 ஜூலை 1-க்கு முன் இந்த மண்ணில் பிறந்திருந்தால், பெற்றோர் யாராக இருந்தாலும் இந்தியர். அதற்குப் பிறகு என்றால் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் இன்னும் இறுக்கிவிட்டார்கள்: இருவரும் இந்தியர், அல்லது ஒருவர் இந்தியராக இருந்து மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இல்லாமல் இருக்க வேண்டும். படகில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்களிடம் பாஸ்போர்ட் ஏது, விசா ஏது? சட்டத்தின் பார்வையில் அவர்கள் அந்தக் கடைசிச் சொல்லுக்குள்தான் வருகிறார்கள். அந்தச் சொல் ஒட்டிக்கொண்டால் பதிவு, இயல்புரிமை என்ற வழிகளும் அடைபட்டுவிடும். பையன் பிறந்தது 2006. ஐந்து வழியில் ஒன்றுகூட அவனுக்கு இல்லை.

மறுநாள் பொதுவாக ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவனும் திருப்பிக் கேட்கவில்லை.

பெற்றோர் கூட்டத்துக்கு வந்த அவன் பாட்டி ஒரு விஷயம் சொன்னார். அவருடைய தாத்தா நாமக்கல் பக்கத்திலிருந்து கண்டிச் சீமைக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போனவர். 1948-இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தில் தோட்டத்துத் தமிழர்கள் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். அதில் இவர் குடும்பமும் ஒன்று. எழுபதுகளில் கலவரத்துக்குப் பயந்து வவுனியா பக்கம் போனார்கள். 1990-இல் அங்கேயும் இருக்க முடியாமல் ராமேஸ்வரத்தில் வந்து இறங்கினார்கள். சுற்றிச் சுற்றி நாமக்கல்லிலிருந்து சில மணி நேரப் பஸ் தூரத்துக்கே வந்து சேர்ந்தாகிவிட்டது. பேர் மட்டும் வெளிநாட்டவர்.

முகாம் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதில் ஒரு சிக்கலும் இருந்ததில்லை. அரசியலமைப்பின் 21ஏ பிரிவு ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான 'எல்லாக் குழந்தைகளுக்கும்' என்றுதான் சொல்கிறது, குடிமக்களின் குழந்தைகளுக்கு என்று சொல்லவில்லை. புத்தகம், சீருடை, சத்துணவு எல்லாம் உண்டு. ஆதார் அட்டைகூட உண்டு, ஏனென்றால் அது இங்கே வசிப்பதற்குத்தானே தவிர, குடியுரிமைக்கு அத்தாட்சி இல்லை. அமெரிக்காவிலும் இதே கதைதான். காகிதம் இல்லாத பிள்ளைகளைப் பள்ளியை விட்டு ஒதுக்கக்கூடாது என்று டெக்சாஸ் வழக்கில் 1982-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பள்ளி முடிந்த பிறகு என்ன என்பதில்தான் அங்கேயும் இன்றுவரை இழுபறி.

எங்கள் பள்ளியில் அந்த இழுபறி பத்தாம் வகுப்பிலேயே ஆரம்பித்துவிடும். நன்றாகப் படிக்கிற பையன் திடீரென்று திங்கட்கிழமைகளில் வரமாட்டான். அப்புறம் வாரத்தில் மூன்று நாள். விசாரித்தால் பெயின்ட் வேலைக்குப் போயிருப்பான். முகாமில் பெரும்பாலான ஆண்களுக்கு அதுதான் தொழில். ஒரு தடவை வீடு தேடிப் போய்ச் சத்தம் போட்டேன். அவன் அப்பா நிதானமாகப் பக்கத்து வீட்டைக் காட்டினார். "அங்க எம்.சி.ஏ. முடிச்ச தம்பி இருக்குது சார். இப்ப என்கூடத்தான் வேலைக்கு வருது." அரசு வேலை அறிவிப்பு எதை எடுத்தாலும் முதலில் குடியுரிமை கேட்கிறார்கள். வெளிநாடு போகப் பாஸ்போர்ட் இல்லை. நான் என்ன பதில் சொல்ல? இடைநிற்றல் பதிவேட்டில் காரணம் எழுதும் கட்டத்தில் 'குடும்பச் சூழ்நிலை' என்று எழுதிவிட்டு வந்தேன். வேறு என்ன எழுதுவது என்று இன்றும் தெரியவில்லை.

நானே செய்த தப்பு ஒன்று உண்டு. 2011-இல் பன்னிரண்டாம் வகுப்பு மாற்றுச் சான்றிதழ்கள் எழுதும் வேலை எனக்கு வந்தது. தேசியம், மதம், சாதி என்று ஒரு வரிசை. வரிசையாக 'இந்தியர்' என்று எழுதிக்கொண்டே போனதில் முகாம் பெண் ஒருத்திக்கும் அப்படியே எழுதிவிட்டேன். கல்லூரியில் அவள் அகதி அடையாள அட்டையையும் என் சான்றிதழையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை, திருத்தி வாங்கி வா என்று அனுப்பிவிட்டார்கள். திருத்தம் என்றால் லேசா? கடிதம், மேல் அலுவலகம், மறுபடி கடிதம். முடிவதற்குள் அந்த வருஷச் சேர்க்கை முடிந்துவிட்டது. அவள் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போனாள். அடுத்த வருஷம் சேர்ந்திருக்கலாமே என்று கேட்பவர்கள், கையில் சம்பளம் வர ஆரம்பித்த வீட்டில் அது நடக்குமா என்று யோசித்துப் பார்க்கட்டும்.

நல்லதும் நடந்தது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு முகாம்களுக்காக 317 கோடி ரூபாய்த் திட்டங்களை அறிவித்தது. அகதிகள் முகாம் என்ற பேரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். பொறியியலுக்குத் தேர்வாகும் முகாம் பிள்ளைகளில் மதிப்பெண்படி முதல் 50 பேருக்குப் படிப்புச் செலவும் விடுதிச் செலவும் அரசே ஏற்கும் என்றார்கள். உதவித்தொகையும் கூடியது. வகுப்பில் வருகை கொஞ்சம் தேறியதை நானே பார்த்தேன். ஆனால் உதவித்தொகை மாநிலத்தின் கையில், குடியுரிமை மத்தியின் கையில். காகிதம் இல்லாமல் வந்தவர்களில் சிலருக்குக் குடியுரிமை வழி திறந்த 2019 சட்டத் திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளோடு நின்றுவிட்டது. மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண், உயர் நீதிமன்றம் போய்ப் பாஸ்போர்ட் வாங்கி 2024 தேர்தலில் ஓட்டுப் போட்டார். பேப்பரில் படித்தபோது சந்தோஷப்பட்டேன். கூடவே 2006-இலிருந்து 1986-ஐக் கழித்தும் பார்த்தேன்.

அந்த மூன்றாவது பெஞ்ச் பையன் இப்போது பி.காம். படிக்கிறான். நான் ஓய்வு பெற்றுவிட்டேன். போன மாதம் உதவித்தொகைப் படிவத்தோடு வீட்டுக்கு வந்தான், ஒருமுறை சரிபார்த்துக் கொடுக்கச் சொல்லி. தேசியம் என்ற கட்டத்தில் 'இலங்கைத் தமிழர்' என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தான். இலங்கையை அவன் பார்த்ததுகூட இல்லை. அப்புறம் செல்போனை எடுத்து ஒரு செய்தியைக் காட்டினான். 2025-இல் வந்த புதிய ஆணை: 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சம் புகுந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்கள்மேல், பாஸ்போர்ட் விசா இல்லை என்பதற்காக நடவடிக்கை இல்லை.

"எங்கப்பா அம்மாவுக்கு இது பொருந்துமுங்க. அப்ப எனக்குக் குடியுரிமை கேக்கலாங்களா சார்?"

இந்தத் தடவை நாளைக்கு என்று சொல்லவில்லை. "இல்ல சாமி. தண்டிக்கமாட்டோம்ங்கிறதுதான் இது. அது வேற, குடியுரிமை வேற."

"அப்படித்தானுங்க நானும் நெனச்சேன்" என்று படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தான். காப்பி சாப்பிட்டுப் போகச் சொன்னேன். சாயங்காலம் முகாமில் தணிக்கை இருக்குதுங்க, ஆளு இல்லீன்னா அரசு மாசாமாசம் தர்ற பணக்கொடையில பேரு விட்டுப்போகும் என்று சொல்லிவிட்டு, பவானிசாகர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.