தண்ணீர் ஆறும் வரை

அப்பா படுக்கையில் விழுந்த மூன்றாவது மாதம், அவருடைய கால் நகங்களை யார் வெட்டுவது என்பதுதான் எங்கள் வீட்டில் பெரிய பிரச்சினை. சிரிக்காதீர்கள். வயதானவர்களின் கட்டைவிரல் நகம் தடித்து, மஞ்சளாகி, நகவெட்டியின் வாய்க்குள்ளேயே போகாது. நான் ஒருமுறை முயன்று ரத்தம் வரவைத்துவிட்டேன், அதோடு விட்டுவிட்டேன். அப்பாவுக்கு வலிக்கிறது, அதனால்தான் என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் எனக்கு அருவருப்பாக இருந்தது.

இத்தனைக்கும் சபையில் ஊழியம் என்றால் முதல் ஆளாக நிற்பவன் நான். கம்பளி கொடுத்தபோது போட்டோ சரியாக வரவில்லை என்று திரும்பவும் ஒருமுறை கொடுத்ததுகூட உண்டு. வாங்கிய பெரியவர் ஒன்றும் சொல்லாமல் மறுபடி கையை நீட்டினார். இப்போது நினைத்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அந்த வாரம் சபையிலிருந்து ஓர் அண்ணன் அப்பாவைப் பார்க்க வந்தார். ஆராதனை முடிந்ததும் நாற்காலிகளை மடக்கி அடுக்கிவிட்டுக் கடைசியாகப் போகிறவர், மைக் பிடித்து நான் பார்த்ததே இல்லை. ஜெபித்துவிட்டுக் கிளம்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். போர்வை விலகிக் கிடந்த காலைப் பார்த்துவிட்டு, "தம்பி, ஒரு பேசின்ல வெந்நீர் கிடைக்குமா?" என்றார். நகம் ஊறினால்தான் இளகும், ஓரத்தை வளைத்து வெட்டினால் சதைக்குள் வளரும், நேராகத்தான் வெட்டணும் என்று சொல்லிக்கொண்டே முழங்கையை விட்டுச் சூடு பார்த்தார். அப்பாவைக் கட்டிலோரமாக உட்காரவைத்தோம். அப்பா காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "வேண்டாம் தம்பி, நீங்க போய் என் காலை..." அதற்கு மேல் பேச்சு வரவில்லை.

பைபிளில் யோவான் 13ஆம் அதிகாரத்தை எத்தனை முறை கேட்டிருப்பேன்! மற்ற மூன்று சுவிசேஷங்களும் கடைசி இராப்போஜனத்தில் அப்பத்தையும் பாத்திரத்தையும் சொல்ல, யோவான் அவற்றை விட்டுவிட்டு, இயேசு மேலங்கியைக் கழற்றி வைத்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பாத்திரத்தில் தண்ணீர் வார்த்து, சீஷர்களின் கால்களைக் கழுவியதைச் சொல்கிறார். புழுதியில் நடந்து வந்த கால்கள், வீட்டு வேலைக்காரன் பார்க்கிற வேலை. காட்டிக்கொடுக்கப்போகிற யூதாசும் அப்போது அங்கேதான் இருக்கிறான். அவன் எழுந்து போவது பிற்பாடுதான். நாமும் அப்படிக் கழுவ வேண்டும் என்று பிரசங்கம் முடிந்துவிடும். அந்தச் சீஷர்களில் பேதுருவை மட்டும், பாவம், அவசரக்காரர் என்று சொல்லிச் சுலபமாகத் தாண்டிவிடுகிறோம். அவர் கழுவ மாட்டேன் என்று சொல்லவில்லையே, கழுவ விட மாட்டேன் என்றல்லவா சொன்னார்? நான் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை என்று இயேசு சொன்ன பிறகுதான் காலை நீட்டுகிறார், அதுவும் கையையும் தலையையும் சேர்த்துக் கழுவச் சொல்லிக்கொண்டு.

நான் கத்தோலிக்கன் இல்லை. ஆனாலும் 2013இல் போப் பிரான்சிஸ் பெரிய வியாழனன்று ரோமில் இளம் கைதிகள் இருக்கும் சிறைக்குப் போய், இரண்டு பெண்களும் இஸ்லாமியரும் உட்பட 12 பேரின் கால்களைக் கழுவிய செய்தி மனதில் நின்றுவிட்டது. எல்லோரும் போப்பின் தாழ்மையைப் பற்றிப் பேசினார்கள். அத்தனை கேமராக்களுக்கு முன்னால் வெறுங்காலை நீட்ட அந்தப் பிள்ளைகளுக்கு எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும் என்று நான் யோசித்ததே அப்பா காலை இழுத்த அன்றுதான்.

அண்ணன் வற்புறுத்தவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "சரிங்க ஐயா, எனக்கும் உங்களால ஒரு காரியம் ஆகணும். என் மகளுக்கு இன்னும் வேலை அமையல. நீங்க ஜெபம் பண்ணுங்க, அதுவரைக்கும் கால் தண்ணியில இருக்கட்டும்."

அப்பா சற்று நேரம் அவரையே பார்த்தார். அப்புறம் மெதுவாக ஒரு காலை இறக்கினார், பிறகு இன்னொன்றை. படுத்த நாளிலிருந்து வாய்விட்டு ஜெபிக்காதவர், அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டுக்கொண்டு ஆரம்பித்தார். அவள் வேலையில் தொடங்கி, அவளுக்கு வரப்போகிற மேலதிகாரி, அண்ணனின் முதுகுவலி, சபைக் கூரை என்று போய்க்கொண்டே இருந்தது, நிற்கிற மாதிரி தெரியவில்லை. தண்ணீர் ஆறிவிட்டது. அண்ணன் கண்ணைத் திறக்காமலே காலிச் செம்பை என் பக்கம் தள்ளினார். நான் வெந்நீர் எடுக்கப் போனேன்.