வளவைப் பார்த்த அறை

2024 செப்டம்பர் 29, ஞாயிறு

காரைக்குடிக்கு வேலைக்கு வந்து லாட்ஜிலேயே ஒரு மாதம் ஓடிவிட்டது. இன்று பார்த்தது ஐந்தாவது வீடு. “ஸ்டூடியோ டைப் சார்” என்று புரோக்கர் சொன்னதும் ஏதோ புதுக் கட்டடம் என்று நினைத்துக்கொண்டு போனேன். போய் நின்றது ஒரு நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீட்டு முகப்பில். வாசல் ஒரு தெருவில், கொல்லைக் கதவு அடுத்த தெருவில். நடுவே வளவு என்கிற திறந்த முற்றம், அதைச் சுற்றிப் பத்துக் கதவுகள், எட்டில் பூட்டு.

எனக்குக் காட்டியது ஓர் இரட்டை வீடு. வெளி அறைக்கு வெளிவீடு என்று பேர், அதற்குள் இருக்கும் அறைக்கு உள்வீடு. வெளியே கட்டில், உள்ளே மேடை கட்டி கேஸ் அடுப்பு, சிங்க். குளியலறை மட்டும் வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டில். “யுனெஸ்கோ லிஸ்ட்ல இருக்கிற வீடு சார்” என்றார் புரோக்கர். செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறியது நிஜம். அதனால் குளியலறைக் குழாயில் தண்ணீர் வந்துவிடாதே.

வாடகை 6,500 ரூபாய். பத்து மாத அட்வான்ஸ் கேட்டார். 2017 வாடகைச் சட்டப்படி மூன்று மாதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்றேன். “அதெல்லாம் மெட்ராஸுக்கு சார்.” வீட்டுக்காரரிடமே போனில் பேசினேன், மறுபேச்சில்லாமல் மூன்று மாதத்துக்கு ஒத்துக்கொண்டார். ஆனால் அவர் பங்கு இந்த இரண்டு அறைகள் மட்டும்தான். வளவும் அதை ஒட்டிய திறந்த கூடமான பட்டாலையும் எல்லாப் பங்காளிக்கும் பொது, வீட்டில் நல்லது கெட்டது என்றால் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொன்னார். சரி என்று கையெழுத்துப் போட்டேன்.

அக்டோபர் 2, புதன்

குடி வந்தாயிற்று. பூட்டாத இன்னொரு கதவு எதிர்ப்பக்கத்து ஆச்சியுடையது. எண்பது வயதிருக்கும், தனியாக இருக்கிறார். “வாங்க” என்றார். சட்டை மாட்ட ஆணியும் சுத்தியலுமாக நான் கிளம்பியதைப் பார்த்ததும் குரல் மாறிவிட்டது. “தம்பி, சுண்ணாம்பும் கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் சேத்து அரைச்சுப் பூசுன சுவரு. ஆணி அடிச்சீகன்னா பொருக்கு பேந்துரும்.”

தடவிப் பார்த்தேன், பளிங்கு மாதிரி வழுக்கியது. சட்டைகள் பெட்டியிலேயே கிடக்கட்டும்.

அக்டோபர் 6, ஞாயிறு

முனீஸ்வரன் கோவில் தெருப் பழஞ்சாமான் கடைகளில் கோட் ஸ்டாண்டு தேடினேன். பர்மா தேக்குத் தூண்கள், நிலைகள், ஆளுயரக் கதவுகள் எல்லாம் சுவரில் சாய்ந்து நின்றன. இதே போன்ற ஏதோ ஒரு வீடு துண்டு துண்டாக விலை கேட்டு நிற்கிறது. பேரம் பேச மனம் வரவில்லை. வரும் வழியில் 350 ரூபாய்க்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டாண்டு வாங்கிவந்தேன்.

அக்டோபர் 10, வியாழன்

அறைக்குள் பகலிலும் லைட் போட வேண்டியிருக்கிறது. சுவர் தடிமனில் போன் சிக்னலும் இல்லை. ஆச்சியிடம் புலம்பினேன், சிரித்துவிட்டார். ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு ஜோடிக்கும், ஓர் இரட்டை வீடு. பெண் கொண்டுவந்த சீர்ச்சாமான், பாத்திரம், அரிசி மூட்டை எல்லாம் அதில்தான் வைத்துப் பூட்டுவார்களாம். “உக்காந்தது, படுத்தது, பேசுனது எல்லாம் பட்டாலையிலதான். உள்ள யாரு தம்பி குடியிருந்தா?”

ஆக, ஒரே அறைக்குள் முழுக் குடித்தனம் என்ற கணக்கே இங்கே தலைகீழ். என் படுக்கை, அடுப்பு, லேப்டாப் எல்லாம் இருப்பது சாமான் அறையில். இரவு பாயை எடுத்துக்கொண்டு பட்டாலைக்கு வந்துவிட்டேன். ஆத்தங்குடிக் கல் முதுகுக்குச் சில்லென்று இருக்கிறது, சிக்னலும் நான்கு கோடு.

அக்டோபர் 15, செவ்வாய்

மழை. நாலு பக்க ஓட்டுச் சரிவிலிருந்தும் தண்ணீர் வளவுக்குள் கொட்டுகிறது. ஆச்சி அண்டாவை இழுத்து வைத்துவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தக் காலத்தில் மிச்சத் தண்ணீர் தெருக் கால்வாய் வழியாக ஊருணிக்குப் போகுமாம். நானும் ரசித்துக்கொண்டிருந்தேன், வெளிவீட்டில் கட்டில் நனையும் வரை.

ஓடு ஒன்று உடைந்திருக்கிறது. வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். “அறை என்னுது தம்பி, கூரை எல்லாருக்கும் பொது. பங்காளிகள் பதினோரு பேர், குரூப்ல போட்டிருக்கேன்.” ஒரே ஒரு ஓடு! கட்டிலை நகர்த்திவிட்டு அங்கே வாளியை வைத்தேன்.

நவம்பர் 10, ஞாயிறு

வீட்டில் படைப்பு. அடுத்து ஒரு கல்யாணம் வருகிறதாம், அதற்கு முன்பு முன்னோர்களைக் கும்பிட்டாக வேண்டும். நேற்றிலிருந்து சென்னை, கோவை, மலேசியாவிலிருந்தெல்லாம் ஆட்கள். பத்துக் கதவும் திறந்துகிடப்பதை இன்றுதான் பார்க்கிறேன். குளியலறைக்கு முன்னால் வரிசை. என் கட்டிலில் நான்கு பிள்ளைகள் தூங்குகின்றன. உள்வீட்டை எட்டிப் பார்த்த பெரியவர் ஒருவர், என் கேஸ் அடுப்பைக் காட்டி, “இங்கதான் எங்க ஆத்தா மரப்பெட்டி இருந்துச்சு” என்றார். எனக்குக் கொஞ்சம் கூச்சமாகப் போயிற்று. புதுப் புடவையும் வேட்டியும் வைத்துக் கும்பிட்டு முடித்ததும் என்னையும் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள்.

இதைவிட்டால் ஆள் கிடைக்காது என்று ஓட்டைப் பற்றிப் பேச்செடுத்தேன். பங்காளிகள் எல்லாரும் வந்து அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு ஓட்டை மாற்றுவதா, அந்தப் பக்கம் முழுக்கப் பிரித்து மேய்வதா என்று பேச்சு வளர்ந்தது. பழைய ஓடு எங்கே கிடைக்கும் என்று அரை மணி நேரம். காப்பி வந்ததும் கலைந்தார்கள்.

இப்போது மணி ஏழு. எட்டுக் கதவிலும் மறுபடி பூட்டு. ஆச்சி மிச்சப் பாயசத்தைத் தூக்குவாளியில் கொடுத்துவிட்டுப் போனார். தூறல் ஆரம்பித்துவிட்டது. பிள்ளைகள் யாரோ வாளியை எடுத்துப் போயிருக்கிறார்கள், தேட வேண்டும்.