டாக்குமெண்ட்ஸுக்குள் காணாமல் போன பில்

ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். மஞ்சள் மண்டி, ஜவுளிக்கடை, லாரி ஆபீஸ் என்று நாற்பது பார்ட்டி என் பொறுப்பில். முன்பெல்லாம் பில்லை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாகக் கொண்டுவந்து மேஜையில் வைப்பார்கள். இப்போது பெரும்பாலும் மெயிலில் பிடிஎஃப்தான். அதையெல்லாம் டி டிரைவில் அந்தந்தப் பார்ட்டியின் ஃபோல்டரில் இறக்கி வைப்பதுதான் காலையில் என் முதல் வேலை.

அதில் ஒரு சின்ன இம்சை. மெயில் பார்க்கும் சாஃப்ட்வேரான அவுட்லுக்கில் அட்டாச்மெண்டை ரைட் கிளிக் செய்து சேவ் ஆஸ் கொடுத்தால், பெட்டி டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரில்தான் திறக்கும். அங்கிருந்து டி டிரைவ், வருடம், பார்ட்டி பெயர் என்று நான்கைந்து கிளிக். ஒருமுறை போய்விட்டால் அவுட்லுக்கை மூடும் வரை அந்த இடத்தை ஞாபகம் வைத்திருக்கும். மறுநாள் காலை பழைய குருடி கதவைத் திறடி. நடுவில் கரண்ட் போய் வந்தாலும் அதே கதை.

இப்படியே பல வருடம் ஓட்டிவிட்டேன். ஒரு மாதம் 20ஆம் தேதி வசமாக மாட்டிக்கொண்டேன். அன்றுதான் 3பி, அதாவது மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கு, போடக் கடைசி நாள். ஒரு ஜவுளிக்கடையின் பர்ச்சேஸ் பில் 2பி-யில், அதாவது விற்றவர்கள் காட்டிய பில்களை வைத்து ஜிஎஸ்டி தளம் தரும் பட்டியலில், வந்திருக்கிறது, எங்கள் ஃபோல்டரில் இல்லை. கடைக்காரருக்குப் போன் போட்டால், "போன வாரமே அனுப்பிட்டனுங்களே" என்கிறார். அவர் அனுப்பியதும் உண்மை, நான் சேவ் செய்ததும் உண்மை. அவசரத்தில் இடத்தைப் பார்க்காமல் என்டர் தட்டியிருக்கிறேன். டாக்குமெண்ட்ஸில் கல்யாணப் பத்திரிகை, யாருடையதோ ஆதார் நகல், பையனின் ஸ்கூல் சர்க்குலர் எல்லாவற்றுக்கும் நடுவில், ஸ்கேன் என்று ஒரு நம்பர் போட்ட பெயரில் கிடந்தது அந்த பில். கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம்.

அன்று சாயங்காலமே இதற்கு ஒரு வழி பண்ணிவிடுவது என்று உட்கார்ந்தேன். ஃபைல், ஆப்ஷன்ஸ் என்று போய் மெயில், அட்வான்ஸ்டு எல்லாப் பக்கத்தையும் மேலிருந்து கீழ்வரை படித்தேன். மெயிலின் அடியில் வரும் கையெழுத்தை மாற்றலாம், மெயில் வந்தால் அடிக்கும் மணியை மாற்றலாம். அட்டாச்மெண்ட் எங்கே போய் விழ வேண்டும் என்பதற்கு மட்டும் கட்டமே இல்லை. டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரையே ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் லொகேஷன் என்ற பக்கத்தில் அதை டி டிரைவுக்கு நகர்த்தலாம்தான். ஆனால் அப்படிச் செய்தால் எக்ஸெல், வேர்டு எல்லாமே சேர்ந்து நகரும். ஒரு ஆணியைப் பிடுங்க வீட்டையே இடிக்கிற வேலை. விட்டுவிட்டேன்.

அப்போதுதான் டிராயருக்குள் கிடந்த ஒரு துண்டுச் சீட்டு ஞாபகம் வந்தது. பழைய அவுட்லுக் 2010 இருந்த காலத்தில், சிஸ்டம் பார்க்கிற தம்பி இதே விஷயத்துக்காக எழுதிக் கொடுத்தது. "ரெஜிஸ்ட்ரிக்கா இது. பார்த்துச் செய்யுங்க, தப்பா கை வெச்சா சிஸ்டமே படுத்துக்கும்" என்று பயமுறுத்திவிட்டும் போயிருந்தான். ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸ் தன் செட்டிங்ஸையெல்லாம் எழுதி வைத்திருக்கும் இடம். அந்தப் பயத்திலேயே இத்தனை நாள் தொடவில்லை.

அதைத் திறக்க ஸ்டார்ட்டில் ரெஜ்எடிட் என்று அடித்தால், மாற்றம் செய்ய அனுமதிக்கலாமா என்று கேட்கும். எஸ் கொடுத்தேன். இடது பக்கம் ஃபோல்டர்கள் மாதிரி ஒரு மரம். மேலிருந்து இரண்டாவதாக இருக்கும் கரண்ட் யூசர், அதற்குள் சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், ஆஃபீஸ். அதற்குள் சீட்டில் எழுதியிருந்தபடி 14.0, அவுட்லுக், ஆப்ஷன்ஸ். அதை ரைட் கிளிக் செய்து எக்ஸ்போர்ட் கொடுத்து, ஒரு நகலை டெஸ்க்டாப்பில் எடுத்து வைத்துக்கொண்டேன். ஏதாவது சொதப்பினால் பழைய நிலைக்குக் கொண்டுவர அந்த நகல் வேண்டும். இதை மட்டும் யாரும் சோம்பல்பட்டு விடாதீர்கள். பிறகு வலது பக்கம் காலி இடத்தில் ரைட் கிளிக், நியூ, ஸ்ட்ரிங் வேல்யூ. பெயர் டிஃபால்ட் பாத். அதை டபுள் கிளிக் செய்து, டி டிரைவ் ஃபோல்டரின் முகவரியை எக்ஸ்ப்ளோரரின் மேல்பட்டையிலிருந்து காப்பி எடுத்து ஒட்டினேன். அவுட்லுக்கை மூடித் திறந்தேன்.

பெட்டி திறந்தது, டாக்குமெண்ட்ஸில்.

மூன்று தடவை மூடித் திறந்தேன். சிஸ்டத்தையே ரீஸ்டார்ட் செய்தேன். ம்ஹூம். அப்புறம்தான் உறைத்தது: இப்போது என்னிடம் இருப்பது 2019. 14.0 என்பது 2010 விட்டுப்போன மிச்சம். ஆள் காலி செய்த வீட்டுக்குள் போய்க் கடுதாசி போட்டிருக்கிறேன். சரி, 19.0 எங்கே என்று தேடினால் அப்படி ஒன்று இல்லவே இல்லை. இந்த எண்ணுக்கும் பெட்டியில் போட்டிருக்கும் வருடத்துக்கும் சம்பந்தமில்லை. 2007-க்கு 12.0, 2010-க்கு 14.0, 2013-க்கு 15.0. நடுவில் 13-ஐக் காணோம். 2016, 2019, 2021 மூன்றுக்குமே 16.0தான். சந்தேகமிருந்தால் அவுட்லுக்கில் ஃபைல், ஆஃபீஸ் அக்கவுண்ட், அபவுட் என்று போய்ப் பார்க்கலாம், எண் அங்கே இருக்கும்.

16.0-க்குள் அதே வேலையை மறுபடி செய்தேன். மறுபடியும் டாக்குமெண்ட்ஸ்! இந்தத் தடவை தப்பு என் விரலில். டிஃபால்ட், பாத் என்ற இரண்டு சொல்லுக்கும் நடுவில் ஸ்பேஸ் விட்டிருந்தேன். சீட்டிலும் தம்பி கொஞ்சம் தள்ளித்தான் எழுதியிருந்தான், அவனையும் சொல்ல வேண்டும். ரீநேம் கொடுத்து அந்த இடைவெளியை எடுத்துவிட்டு அவுட்லுக்கைத் திறந்தேன். முதல் மெயில், ரைட் கிளிக், சேவ் ஆஸ். டி டிரைவ், இந்த வருடத்து ஃபோல்டர், கீழே நாற்பது பார்ட்டியும் வரிசையாக. காலை ஒன்பதரைக்கு யாராவது டீ கொண்டுவந்து மேஜையில் வைத்தால் வருமே ஒரு சந்தோஷம், அது வந்தது.

இது சேவ் செய்வதற்கு மட்டும்தான் உதவும். அட்டாச்மெண்டை மெயிலிலேயே டபுள் கிளிக் செய்து திறந்து, திருத்தி, சேவ் பட்டனை மட்டும் அமுக்குகிறவர்களுக்கு இது காப்பாற்றாது. அந்தக் கோப்பு போவது அவுட்லுக்கின் தற்காலிக ஃபோல்டர் ஒன்றுக்கு. கண்ணில் படாத இடம், அங்கே வைத்தது நிலைக்கும் என்று நம்ப முடியாது. முதலில் சேவ் செய்துவிட்டு அப்புறம் திறப்பதுதான் என் வழக்கம்.

வீட்டில் பொண்ணின் லேப்டாப்பில் இருப்பது தண்டர்பேர்டு என்ற வேறொரு மெயில் சாஃப்ட்வேர். அதில் செட்டிங்ஸ், ஜெனரல் பக்கத்தில் கொஞ்சம் கீழே போனால் கோப்புகளுக்கென்றே ஒரு பகுதி. எந்த ஃபோல்டர் என்று காட்டலாம், அல்லது ஒவ்வொரு தடவையும் கேள் என்று சொல்லலாம். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அதைப் பார்த்ததும் வந்த எரிச்சலை எழுத வேண்டாம்.

மறுநாள் பக்கத்து சீட் பொண்ணு, "அக்கா, எனக்கும் செஞ்சு குடுங்க்கா" என்றாள். நானும் பெரிய ஆள் மாதிரி போய் உட்கார்ந்து, எண் சரியாக, ஸ்பேஸ் இல்லாமல் எல்லாம் போட்டேன். அவள் வைத்திருப்பது புது அவுட்லுக், பெயர் ஒன்றானாலும் சாஃப்ட்வேர் வேறு. நான் எழுதியதைச் சட்டையே பண்ணாமல் ஃபைலை டவுன்லோட்ஸில் கொண்டுபோய்ப் போட்டது. ஒரு வார்த்தையும் பேசாமல் என் சீட்டுக்கு வந்துவிட்டேன். துண்டுச் சீட்டில் 14-ஐ அடித்து 16 என்று எழுதி, கீழே "ஸ்பேஸ் கிடையாது, புதுசுக்குச் செல்லாது" என்று சிவப்பு மையில் சேர்த்து, மானிட்டரின் ஓரத்தில் ஒட்டிவைத்திருக்கிறேன்.