கண்ணாடித் தகட்டின் மைக்குறிகள்

வரலாற்றில் விடுபட்டுப்போன பெண்களைத் தேடுபவர்கள் முதலில் நூலின் அட்டையை அல்ல, நன்றியுரையையும் சம்பளக் கணக்கேட்டையுமே புரட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஹார்வர்டு வானாய்வகத்தில் ஹென்ரியெட்டா லீவிட், மணிக்கு 30 சென்ட் ஊதியத்தில், வானம் பதிந்த கண்ணாடித் தகடுகளை உருப்பெருக்கியால் ஆராய்ந்து, ஒளி கூடிக் குறையும் விண்மீன்களை ஒவ்வொன்றாகக் குறித்துவந்தார். அப்படி அவர் கண்டறிந்தவை ஏறத்தாழ 2,400. அவற்றுள் ஒரு வகை விண்மீனுக்கு ஒளி மாறும் காலம் நீள நீள உண்மையான ஒளிர்வும் கூடுகிறது என்ற அவருடைய கண்டுபிடிப்புதான், ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலம் நம் பால்வழிக்கு அப்பால் இருக்கிறது என்று பின்னாளில் வானியலாளர் எட்வின் ஹபிள் நிறுவுவதற்குத் தொலைவை அளக்கும் அளவுகோலாயிற்று.

அதை வெளியிட்ட 1912ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையில் கையொப்பம் இயக்குநர் எட்வர்ட் பிக்கரிங்குடையது. ஆனால் இக்குறிப்பைத் தயாரித்தவர் செல்வி லீவிட் என்று அதன் தொடக்க வரியே சொல்லிவிடுவதால், பிக்கரிங்கை முழுக் குற்றவாளியாக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த வரியைத் தாண்டிச் சென்ற பிற்காலத்தவரின் பங்கும் இதில் உண்டு. நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்க விரும்பி, ஸ்வீடன் கணிதவியலாளர் மிட்டாக்-லெஃப்லர் 1925இல் லீவிட்டுக்கே கடிதம் எழுதினார். அவர் 1921 டிசம்பரிலேயே இறந்துவிட்டிருந்தார்.

அந்தத் தகடுகளை நம் காலத்தில் எண்மமாக்கியபோது, ஒளியை அளக்கத் தடையாயிருந்த மைக்குறிகளைத் துடைக்க வேண்டியதாயிற்று. அவை அந்த வானாய்வகத்தில் லீவிட்டைப்போல் தகடுகளை ஆராய்ந்து கணித்த பெண்களின் கையெழுத்தாயிற்றே! துடைப்பதற்கு முன் அவற்றையும் படமெடுத்து வைத்தார்கள்.