பெட்டியில் யார் நம்பர்?

கிராமத்துக் கதை என்றாலே ஏர், மாடு, கவலை இறைப்பு (மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைப்பது), திண்ணைப் பாட்டி என்று எதிர்பார்க்கிறவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். என் கதையைப் படித்துவிட்டு "ஒரே போனும் மோட்டாருமா இருக்கே, மண்வாசனை எங்கே?" என்று கேட்டவர்களும் உண்டு. நான் ஆத்தூர் பக்கம் மரவள்ளியும் மஞ்சளும் வைக்கிறவன், வயது 28. என் காட்டில் இருப்பது போனும் மோட்டாரும்தான். கண்ணால் பார்த்தே இராத கவலை இறைப்பை நான் எழுதினால் அதுதான் பொய்.

இப்போது எழுதிக்கொண்டிருக்கும் கதையையே சொல்கிறேன். ஒரு கூட்டுக் கிணறு, மூன்று பங்காளிகள். பாகம் பிரிக்கும்போது காட்டைப் பிரித்துவிடலாம், கிணற்றை என்ன செய்வது, அதனால் முறை வைத்துக்கொள்வார்கள்: இன்றைக்குப் பெரியவர், நாளைக்கு நடுவுள்ளவர், அதற்கடுத்த நாள் சின்னவர். மோட்டார் ஒன்று. சர்வீஸும், அதாவது கரண்டு இணைப்பும், ஒன்று, அதுவும் செத்துப்போன அப்பா பெயரிலேயே இருக்கும். கொட்டகைச் சாவி ஆணியில் தொங்கும், யார் முறையோ அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

இதற்குள் மொபைல் ஸ்டார்ட்டர் வந்து சேர்கிறது. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஸ்டார்ட்டர் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி, உள்ளே ஒரு சிம். வீட்டிலிருந்தே போன் போட்டு மோட்டாரை ஓட்டலாம், நிறுத்தலாம். த்ரீ பேஸ், அதாவது மோட்டார் ஓடத் தேவையான மூன்று லைன் கரண்டு, வந்தால் அதுவே நம்மைக் கூப்பிட்டுச் சொல்லும், கிணற்றில் தண்ணீர் வற்றினால் மோட்டாரை நிறுத்திவிடும், அதில் ஒரு பேஸ் போனாலும் மோட்டாரின் கம்பிச்சுருள் கருகாமல் காப்பாற்றும். நடுராத்திரியில் வரும் கரண்டுக்காக டார்ச்சும் கையுமாகப் பாம்புக்குப் பயந்து வரப்பில் நடந்தவர்களைக் கேட்டால் இதன் அருமையைச் சொல்வார்கள். நானும் நடந்தவன்தான்.

சரி, கதைக்கு வருகிறேன். பதிவு செய்த நம்பரிலிருந்து கூப்பிட்டால்தான் அந்தப் பெட்டி எடுக்கும். பதிவானது பெரியவர் நம்பர். சின்னவர் திருப்பூரில் கம்பெனி வேலையில் இருக்கிறார், காட்டைப் பார்ப்பது அவர் மனைவி. அவள் முறை நாளில் கரண்டு வந்தால் தகவல் பெரியவருக்குப் போகிறது. அவரும் மோட்டாரைப் போடத்தான் செய்கிறார், அரை மணி கழித்து, கண் விழித்தபோது. ராத்திரி ஒரு மணிக்கு மூத்தாருக்குப் போன் போட்டு "மோட்டாரைப் போடுங்க" என்று சொல்ல எங்கள் பக்கம் எந்தப் பெண்ணுக்கு வாய் வரும்? தண்ணீரை யாரும் திருடவில்லை, சண்டையும் இல்லை, நாலு பேரைக் கூட்டி நியாயம் கேட்க ஒரு குற்றமும் இல்லை. ஆனால் கடைமடைப் பாத்தி மட்டும் அவள் காட்டில் காய்ந்துகொண்டே இருக்கிறது. சாவி ஆணியில் தொங்கியவரை அவள் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இந்த மாதிரி இடங்களைத்தான் எழுத ஆசைப்படுகிறேன். ஒரு பொருள் ஊருக்குள் வந்ததும் யார் யாரைக் கேட்டு நிற்க வேண்டியிருக்கிறது என்பது எப்படி மாறுகிறது, எனக்கு அதுதான் கதை. ஒரு ஏக்கருக்குச் சில நிமிடத்தில் மருந்து அடித்துவிட்டுப் போகிற ட்ரோனைப் பார்க்கும்போதும், முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு அடித்த ஆள் இப்போது யாரிடம் வேலை கேட்கிறார் என்றுதான் என் புத்தி போகும்.

இது நான் கண்டுபிடித்த வழியும் இல்லை. இடைசெவல் ஊர்ச் சம்சாரி, எழுத்தாளர் கி.ரா. (கி. ராஜநாராயணன்) எப்போதோ செய்தது. பம்புசெட்டுக்குக் கரண்டு வாங்க அலைகிற விவசாயியைப் பற்றி அவர் எழுதிய 'கரண்ட்' கதை, 1992இல் ஓம் பூரி நடிக்க இந்திப் படமாகவும் வந்தது. அந்தத் தலைமுறைக்குக் கரண்டு கிடைக்குமா என்பது கேள்வி. 1990இல் தமிழ்நாட்டில் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்த பிறகு, த்ரீ பேஸ் எத்தனை மணிக்கு வரும் என்பது எங்கள் கேள்வி. காலம் மாறிய அளவுக்குக் கதையும் மாறித்தானே ஆக வேண்டும்?

நான் எழுதுவதெல்லாம் போனில்தான், பெரும்பாலும் ஒரு மடை நிரம்பி அடுத்த மடை திருப்புகிற இடைவெளியில். அதனால் துண்டு துண்டாக வரும், பிறகு உட்கார்ந்து கோர்ப்பேன்.

இந்தக் கதையை முடித்ததும் அடுத்தது மரவள்ளி. கிழங்குக்கு விலை பாயிண்ட் கணக்கில்தான், அதாவது மாவுச்சத்து எவ்வளவு என்று ஜவ்வரிசி மில்லில் பார்த்துச் சொல்கிற எண்ணில். பத்து மாதம் வெயிலில் நின்றவன் அந்த எண்ணுக்காகக் காத்து நிற்கிற நேரத்தை எழுத வேண்டும். நான் அறிந்தது லாரிப் பக்கம் நிற்கிறவன் மனசு மட்டும்தான். ஜவ்வரிசி மில்லில் பாயிண்ட் பார்க்கிற வேலை செய்தவர்கள் யாராவது இதைப் படித்தால் எழுதுங்கள், அந்தப் பக்கம் நிற்கிறவர் என்ன நினைப்பார் என்று எனக்குக் கேட்க வேண்டும்.